வாங்காமல் போன ரேடியோக்கள்

ஜனவரி 3, 2025, வெள்ளி

மதுரையில் ஆறு மணிக்கு பஸ் ஏறி எட்டரைக்குக் கோவில்பட்டி. வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு அப்பா உள்ளே குனிந்து போய்க்கொண்டிருந்தார். முழுக்கத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்கிறதாம்.

பத்துக்கு எட்டு அறை. ஒரு ஆள் ஒருக்களித்து நடக்க வழி, அது முடிகிற இடத்தில் அவருடைய ஸ்டூல். மற்றதெல்லாம் ரேடியோ. பரணில் ரேடியோ, பெஞ்சுக்கு அடியில் ரேடியோ, ரேடியோவின் மேல் டேப்ரெக்கார்டர், அதன் மேல் மூடியில்லாத ஒரு போர்ட்டபிள் டிவி. சுவரில் ஆணிக்கு ஆணி காயில், ஸ்பீக்கர், சுருட்டிய வயர். உள்ளே காலெடுத்து வைத்ததும் ஈயப்பற்றும் ரோசினும் தூசியும் கலந்த வாடை வந்தது. எனக்கு அதுதான் அப்பா வாடை.

மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கட்டடத்துக்காரர் மகன் இடித்துக் கட்டப்போகிறார். 41 வருடம் வாடகைக்கு இருந்தவரிடம் தன்மையாகத்தான் சொன்னார்கள், ஆறு மாத அவகாசமும் கொடுத்தார்கள். அதில் ஐந்து மாதத்தை அப்பா "பாத்துக்கிடலாம்" என்ற ஒரே சொல்லில் ஓட்டிவிட்டார்.

ராத்திரி அம்மா தன் நிபந்தனையைச் சொன்னாள். "ஒரு மேசை. வராண்டாவுல ஒரே ஒரு மேசை. அதுக்கு மேல ஒரு திருகாணிகூட வாசப்படி தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

என்னைக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் வேலையே மாற்றத்துக்கு ஆட்களைப் பழக்குவது. போன வருடம் எங்கள் கம்பெனியில் கணக்கு முழுவதும் புது சாஃப்ட்வேருக்கு மாறியபோது நூற்று நாற்பது பேருக்கு வகுப்பெடுத்தேன். முதல் ஸ்லைடில் குர்ட் லெவின் படம் இருக்கும். உறைந்ததை இளக்கு, நகர்த்து, திரும்ப உறையவிடு என்று 1947இல் சொல்லிவிட்டுப் போன மனிதர். அந்த ஸ்லைடைக் காட்டும்போது எனக்கு நல்ல குரல் வந்துவிடும். எழுபத்தாறு வயது ரேடியோ மெக்கானிக் ஒருவர் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன்.

ஜனவரி 4, சனி

மூன்று அட்டைப்பெட்டி. ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் "வைக்க", "கொடுக்க", "போட" என்று எழுதி ஒட்டினேன். ஒவ்வொரு பொருளாக எடுத்து ஏதாவது ஒரு பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான் என்று அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இது என்னத்துக்குப்பா?"

"ஆகும்."

"எதுக்கு ஆகும்?"

"வந்தா ஆகும்ல தாயி."

"யாரு வரணும்?"

அதற்குப் பதில் இல்லை. சாயங்காலம் பார்த்தபோது "வைக்க" பெட்டி வாய் பிளந்து நின்றது. "கொடுக்க" காலி. "போட" பெட்டியில் காய்ந்துபோன ஒரு கோந்து பாட்டிலும் உடைந்த பிளக் ஒன்றும் கிடந்தன. கோந்து பாட்டிலைப் போட்டதும் நான்தான்.

பெங்களூரிலிருந்து அண்ணன் பேசினான். "இது ஒரு வியாதி, பேரே இருக்கு. சாமானைச் சேத்துக்கிட்டே போறது. டாக்டர்கிட்ட காட்டணும்" என்றான். பேர் இருப்பது உண்மைதான். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் தங்கள் கையேட்டில் அதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டார்கள். ஆனால் அதன் அடையாளம், புழங்க வேண்டிய இடம் புழங்க முடியாமல் போவது. அடுப்பிருந்தும் சமைக்க முடியாது, கட்டில் இருந்தும் படுக்க இடமிருக்காது. இங்கே கதை வேறு. மத்தியானம் ஒரு பையன் வந்து, அவன் தாத்தா டிரான்சிஸ்டருக்கு ஏசி 128 கிடைக்குமா என்றான். அப்பா பேச்சை நிறுத்தாமலே, திரும்பிக்கூடப் பார்க்காமலே, முதுகுக்குப் பின்னால் கையை விட்டு மூன்றாவது டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வியாதிக்காரர் கடையில் எனக்குத்தான் ஸ்பேனர் எங்கே என்று தெரியவில்லை.

இதை அண்ணனிடம் சொன்னேன். "அப்பா இல்லாத நேரமா பாத்து அள்ளிக் குடுத்துரு. ரெண்டு நாள்ல மறந்துருவாரு" என்றான்.

ஜனவரி 5, ஞாயிறு

அப்பா சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். நான் தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டேன்.

ரேடியோ எதையும் தொடவில்லை. பெஞ்சுக்கு அடியில் கிடந்த சாக்கு, அதில் முழுக்க அறுந்த மெயின் கார்டு. துருப்பிடித்த டப்பா ஏழெட்டு, அவற்றில் திருகாணி, குமிழ், ஸ்பிரிங். 19 கிலோ, 540 ரூபாய். பெஞ்சுக்கு அடியில் தரை தெரிந்தது. சிவப்பு சிமெண்ட் தரை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். தண்ணீர் தெளித்துக் கூட்டி, மனதுக்கு நிறைவாக உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். குனிந்து பார்த்தார்.

"இங்கன ஒரு போர்ன்விட்டா டப்பா இருந்துச்சே?"

சொன்னேன்.

"அதுலதான டயல் கயிறு வச்சிருந்தேன்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. ஷட்டரை அவரே இழுத்துச் சாத்தினார், ஒரே மூச்சில், முதுகைப் பார்க்காமல்.

ஜனவரி 6, திங்கள்

காலையில் காயலாங்கடைக்கு ஓடினேன். சாக்கு அப்படியே கிடந்தது, டப்பாக்கள் நேற்று ராத்திரியே லோடில் போய்விட்டன. போன சாக்கைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தேன். வந்தது போனதைவிட அறுபது ரூபாய் கூடுதல் விலைக்கு. அப்பா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் சாப்பாடு நேரத்தில் அம்மா வழியாகத்தான் பேச்சு. "உன் மகளுக்கு மோர் வேணுமா கேளு."

வகுப்பில் நானே சொல்லும் கதை ஒன்று ராத்திரி ஞாபகம் வந்தது. அதே லெவின். இரண்டாம் உலகப் போர் சமயம், நல்ல கறியெல்லாம் ராணுவத்துக்குப் போய்விடும் என்பதால் அமெரிக்க வீடுகளில் ஈரல், இதயம், சிறுநீரகம் சமைக்கவைக்க வேண்டியிருந்தது. (நம்மூரில் இந்தப் பாடே வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஈரல் தீர்ந்துவிடும்.) ஒரு பங்குப் பெண்களை உட்காரவைத்து, சத்து, விலை, சமையல் குறிப்பு என்று நன்றாகச் சொற்பொழிவு ஆற்றினார்கள். இன்னொரு பங்குப் பெண்களை, வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், சமைக்கும்போது நாறும் என்று அவர்களையே பேசவிட்டு, கடைசியில் செய்து பார்க்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். பேச்சைக் கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்தார்கள். பேசியவர்களில் 32.

இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொற்பொழிவாக ஆற்றியிருக்கிறேன்!

ஜனவரி 7, செவ்வாய்

கடைக்குப் போனேன், ஒன்றையும் தொடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

ஜனவரி 8, புதன்

இன்று சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. பரணில் இருக்கும் ஒவ்வொரு ரேடியோவின் கைப்பிடியிலும் ஒரு சீட்டு தொங்குகிறது. காலண்டர் அட்டையை வெட்டிய சீட்டு, ஓட்டை போட்டு நூல் கட்டியது. ஒன்றைத் திருப்பிப் படித்தேன். "கழுகுமலை கண்டக்டர். 14.6.91. வால்யூம் கண்ட்ரோல், பேண்ட் சுவிட்ச். 35 ரூ." அடியில் சிவப்பு மையில் "ரெடி".

"இதெல்லாம் யாருதுப்பா?"

"வந்தவங்களுது."

"வந்தவங்க வாங்கிட்டுப் போகலையா?"

"வருவாங்க."

எண்ணிப் பார்த்தேன். 23 ரேடியோ, 4 டேப். மிகப் பழைய சீட்டு 1987. அவற்றில் பதினெட்டில் சிவப்பு "ரெடி" இருக்கிறது. அதாவது இவர் வேலையை முடித்துவிட்டு முப்பது, முப்பத்தைந்து வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்தது இவற்றுக்குத்தான். நான் அதை அப்பாவின் சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணனும், அம்மாவும் அப்படித்தான்.

"நம்ம பொருளா இருந்தா தூக்கிப் போட்டுரலாம் தாயி. அடுத்தவன் பொருளை எப்படிப் போடறது? நாளைக்கே வந்து நின்னா?"

லெவினிடம் பெர்லினில் படித்த மாணவி ஒருவர் இருந்தார், ப்ளூமா சைகார்னிக். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 1927இல் எழுதினார். பின்னாளில் அதைச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பத்துக்கு எட்டில் 27 வேலைகள் கூலி வாங்காமல், கைமாறாமல் தொங்குகின்றன. அந்தச் சீட்டுகளுக்கு அடியில் உட்கார்ந்துதான் மனிதர் சோறு தின்கிறார். மூன்று அட்டைப்பெட்டி வைத்து நான் இவரிடம் என்ன கேட்டேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அப்ப நாம போய்க் குடுத்துட்டு வருவோமா?" என்றேன்.

முதல்முறையாக என்னை நேரே பார்த்தார்.

ஜனவரி 9, வியாழன்

ஒரு நோட்டில் 27 பேரையும் எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சீட்டில் இருப்பது பாதிதான், மீதி அவர் தலையில் இருக்கிறது. "பால்காரர், புதுரோடு. மகளை நாலாட்டின்புத்தூர்ல கட்டிக்குடுத்தாரு." "ஸ்கூல் சார். கிரிக்கெட் மேட்ச்சுக்கு மட்டும் போடுவாரு." "இந்தம்மா சிலோன் ரேடியோவுல பிறந்தநாள் வாழ்த்து கேக்கணும்னு ராத்திரியோட ராத்திரியா செஞ்சு வாங்கிட்டுப் போகும். மூணாவது தடவ குடுத்தது வாங்கவே இல்ல." கொழும்பு நிலையம் தன் பெயரை 1967லேயே மாற்றிக்கொண்டுவிட்டது. இந்தக் கடையில் இன்றுவரை அது சிலோன் ரேடியோதான்.

யாரிடம் முதலில் போவது என்பதை அவரே தீர்மானித்தார். டீக்கடை அண்ணாச்சியிடம் போன் நம்பர் விசாரித்தார். மத்தியானத்துக்குள் ஆறு பேர் வீட்டுக்குத் தகவல் போய்விட்டது.

ஸ்கூல் சார் இறந்து பதினொரு வருடமாகிறது. அவர் மகன் போனில் சிரித்தான். "ஐயா, இன்னுமா வச்சிருக்கீங்க? எங்களுக்கு வேண்டாம். நீங்களே என்னமும் செஞ்சுக்கிடுங்க."

அப்பா போனை வைத்தார். ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து அந்தச் செட்டை இறக்கினார். சீட்டின் நூலை அறுத்தார். பின்மூடியைக் கழற்றி ஸ்பீக்கரையும் வால்யூம் கண்ட்ரோலையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தூக்கி "போட" பெட்டியில் வைத்தார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. 1988இலிருந்து வைத்திருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 11, சனி

கழுகுமலை. கண்டக்டரின் செட் வால்வு ரேடியோ, மரப்பெட்டி. கொண்டுபோவதற்கு முன் ஓடவிட்டுப் பார்த்தாக வேண்டும் என்று நேற்று ராத்திரி அப்பா பிடிவாதம் பிடித்தார். முப்பத்து மூன்று வருடம் சும்மா இருந்த செட்டை அப்படியே பிளக்கில் சொருகக் கூடாதாம். பவர் கண்டன்சர் காய்ந்திருக்கும், ஷார்ட்டாகி டிரான்ஸ்பார்மரையே கொண்டுபோய்விடும். முதலில் அதை மாற்றினார். இரும்பு சூடாகும்வரை காத்திருந்து, நுனியை ஈரத் துணியில் ஒரு இழுப்பு இழுத்து, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதுசை வைத்தார். கை நடுங்குகிறது, ஆனால் இரும்பு முனை இணைப்பில் பட்டதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. பிறகு செட்டுக்கு முன்னால் வரிசையாக ஒரு அறுபது வாட் பல்பைப் போட்டுத்தான் மின்சாரம் கொடுத்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பிக்கும்.

பல்பு லேசாகச் சிவந்து அடங்கியது. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரே கொடுத்தார். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பின்மூடி வழியாகப் பார்த்தால் வால்வுகள் ஒவ்வொன்றாக அடியில் ஆரஞ்சாகக் கனிந்தன. முன்னால் பச்சைக் கண் மெல்லத் திறந்தது. குமிழைத் திருப்பத் திருப்ப அது விரிந்தது, சுருங்கியது. கடல் மாதிரி இரைச்சல், அதற்கு நடுவில் எங்கிருந்தோ மலையாளத்தில் செய்தி.

"ஈசிஎச் 81 இன்னும் உசுரோட இருக்கு" என்றார். பேரன் பரீட்சையில் பாஸானதைச் சொல்கிற குரல்.

கண்டக்டர் இருக்கிறார். படுக்கையில். அவர் மகள்தான் செட்டை வாங்கிக்கொண்டாள். சீட்டைப் படித்துவிட்டு உள்ளே போய் முப்பத்தைந்து ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாள். நூறு ரூபாயாகக் கொடுத்தாள் என்று எழுதினால் கதை நன்றாயிருக்கும். சரியாக முப்பத்தைந்துதான். அப்பா எண்ணி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "டயல் கயிறு போனா போகுது. தூண்டில் நரம்புகூடப் போடலாம்" என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பழைய சாமான் சேகரிப்பவர் ஒருவர் மதுரையிலிருந்து வந்தார், அண்ணன் அனுப்பி. அப்பாவின் சொந்த மர்பி ரேடியோவுக்கு மூவாயிரம் சொன்னார். அப்பா எட்டாயிரத்தில் நின்றார். வந்தவர் போய்விட்டார்.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. கானெமான், கெனட்ச், தாலர் மூவரும் 1990இல் வெளியிட்டது. மாணவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்து, விற்பதென்றால் என்ன விலை என்று கேட்டால், கோப்பை இல்லாதவர்கள் கொடுக்க நினைப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொல்வார்கள். கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருக்கும். நாற்பது வருடக் கோப்பைக்கு எட்டாயிரம் அதிகமில்லை. வீட்டை ஒழிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கடையில் அது அந்த ஒரு மர்பிக்கு மட்டும்தான் பொருந்துகிறது. மற்ற இருபத்தேழுக்கு அப்பா விலையே சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரு வார்த்தை, "வேண்டாம்" என்று உரியவர் வாயால்.

இதுவரை கணக்கு: வாங்கிக்கொண்டவர்கள் 5, வேண்டாம் என்றவர்கள் 9. மீதி 13 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

தெருப் பையன்கள் கடை வாசலில் கிடந்த வயர்க் குப்பையை இழுத்துப் போய் எரிக்கப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் செம்புக்கு ஆசை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "லேய், அது புகை இல்லடா, விஷம். நெஞ்சுல போய் உக்காந்துக்கிடும்." 2018 போகியன்று மெட்ராஸில் புகையும் பனியும் சேர்ந்து விமானமே இறங்க முடியாமல் போனதை டிவியில் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னார். பையன்கள் பாயையும் முறத்தையும் எரித்தார்கள்.

வயரைத் தோலுரித்துத்தான் செம்பு எடுக்க வேண்டும் என்று, உட்கார்ந்து அவர்களுக்கே சொல்லிக் கொடுத்தார். காயலாங்கடைக்காரர் அதற்கு மட்டும் தனி விலை போட்டார். காசு பையன்களுக்கு.

மீதி 13க்கு அப்பாவே ஒரு வழி சொன்னார். டீக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டலாம். வாசகமும் அவருடையதுதான்: "ரேடியோ ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் ஜனவரி 20க்குள் வாங்கிக்கொள்ளவும். பிறகு கடை பொறுப்பல்ல." கடைசி வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது.

ஜனவரி 26, ஞாயிறு

பொங்கல் முடிந்து மதுரை போய்விட்டு நேற்று ராத்திரிதான் வந்தேன். தாளைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்களாம். மற்றவற்றின் சீட்டை 21ஆம் தேதி காலையில் அப்பாவே அறுத்திருக்கிறார். சீட்டுகளைப் போடவில்லை. ஒரு நூலில் கோத்து நோட்டுக்குள் வைத்திருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மர்பி மேசைக்கு வந்துவிட்டது. அம்மா அளந்து பார்த்தாள், மேசைக்கு வெளியே துருத்தவில்லை.

மத்தியானம் சாவி கொடுத்தாயிற்று. காலி அறையில் குரல் எதிரொலித்தது. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். போர்டை இறக்க ஆள் வந்தபோது நீங்கள் வீட்டுக்குப் போங்கப்பா என்றேன். போகவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 27, திங்கள்

ஒன்பது மணிக்கு அப்பா சட்டையைப் போட்டார். அம்மா பார்த்தாள், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் கேட்கவில்லை. டிபன் தூக்கு இல்லாமல் கைவீசிப் போனார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் ஸ்லைடில் இந்த இடத்தில் ஒரு அம்புக்குறி மட்டும்தான் இருக்கும்.

பத்தே காலுக்கு வந்தார். கையில் டீக்கடை அண்ணாச்சி வீட்டு மிக்ஸி.

"கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். சும்மா பாத்துத் தாரேன்னேன்."

அம்மா அடுப்படியிலிருந்தே, "மேசைக்கு மேல. கீழ ஒண்ணும் வரக் கூடாது" என்றாள்.

அப்பா காலண்டர் அட்டையில் ஒரு துண்டு வெட்டினார். பெயர், தேதி, கோளாறு, கூலி எழுதினார். கொஞ்சம் யோசித்து அடியில் இன்னொரு வரி சேர்த்தார். எட்டிப் பார்த்தேன்: "10 நாளில் வாங்கவும்."

எனக்குப் பதினொரு மணி பஸ். கிளம்பும்போது மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாக ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கிண்ணம் அம்மாவுடையது. அவள் இன்னும் பார்க்கவில்லை.